வலியோடு மேடையேறிய பெரியவர்: பெரியார் வாழ்க்கையும் நாம மறைக்கிற ஹெர்னியாவும்

விழுப்புரத்துல பஸ் ஏறி திண்டிவனம் போறீங்கனு வெச்சுக்கோங்க. ஜன்னல் சீட், காதுல இயர்போன். முண்டியம்பாக்கம் தாண்டுது, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுது. ரெண்டு ரீல்ஸ் பார்த்து முடிக்கிறதுக்குள்ள பாதி வழி வந்துடும்.

இப்ப அதே சாலையை 50 வருஷத்துக்கு முன்னாடி கற்பனை பண்ணுங்க. அப்போ விழுப்புரம் தனி மாவட்டம் கிடையாது, தென்னாற்காடு மாவட்டத்துல ஓர் ஊர். நாலுவழிச் சாலையும் கிடையாது. திருச்சியிலிருந்து சென்னை போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம்னு இதுதான் பாதை. திருச்சியில் ஒரு வீடு, சென்னையில் ஒரு திடல் என்று வாழ்ந்த ஒரு பெரியவர் இந்தச் சாலையில் எத்தனை முறை போய் வந்திருப்பார்னு எண்ணி மாளாது. கடைசிக் காலத்தில் அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வெள்ளைத் தாடி, கறுப்புச் சட்டை, பக்கத்தில் தடி. உடம்பில் சிறுநீர்க் குழாய். கூடவே ஹெர்னியா வலி.

ஆமா, பெரியார்தான். அவர் பேசிய அரசியல் உங்களுக்குத் தெரியும். அவரைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனா, அந்த உடம்பை வெச்சுக்கிட்டு அவர் என்ன செஞ்சார்ங்கிற கதை நிறைய பேருக்குத் தெரியாது. அந்தக் கதையில உங்களுக்கோ, உங்க அப்பாவுக்கோ, தாத்தாவுக்கோ ஒரு சேதி இருக்கு.

ஈரோட்டு மண்டிக்காரர் பையன்

1879 செப்டம்பர் 17, ஈரோடு. வெங்கட்ட நாயக்கர், சின்னத்தாயம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் ராமசாமி. வசதியான வியாபாரக் குடும்பம். பள்ளிக்கூடம் சில வருஷங்களோடு சரி. பன்னிரண்டு வயசுலயே அப்பாவின் மண்டிக்கு வந்துட்டார். கணக்கும் பேரமும் அங்கேதான் படிந்தன. பிற்காலத்தில் ஆட்டோகிராஃப் போடவும் போட்டோவுக்கு நிற்கவும்கூட இயக்கத்துக்காகக் காசு வாங்கிய அந்தச் சிக்கனம், இந்த மண்டியில் முளைத்ததுதான்.

19 வயதில் நாகம்மையோடு கல்யாணம். பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தே மாதத்தில் இறந்துபோனது. 1904-ல் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனவர், அங்கே சத்திரத்துச் சாப்பாட்டிலும் சாதி பார்ப்பதைக் கண்டு திரும்பினார். ஈரோட்டில் பிளேக் பரவியபோது ஊரே ஓட, செத்தவர்களைத் தூக்கி அடக்கம் செய்ய நின்றவர்களில் அவரும் ஒருவர். நகராட்சித் தலைவரானபோது, காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவர வேலை செய்தார்.

பிறகு பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரஸுக்குப் போனார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1924-ல் கேரளத்தின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகப் போராடி இரண்டு முறை சிறை போனார். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். அதே ஆண்டு தொடங்கிய பத்திரிகைதான் ‘குடி அரசு’. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்குச் சொத்துரிமை, விதவை மறுமணம் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கர்ப்பத்தடை பற்றிப் பேசினாலே முகம் சுளித்த காலத்தில், பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் விருப்பம் என்று மேடையிலும் எழுத்திலும் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். உடம்பு என்பது வெட்கப்பட்டு மூடிவைக்க வேண்டிய சமாசாரம் இல்லை என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

1938-ல் இந்தி எதிர்ப்புக்காகச் சிறை. 1944-ல் சேலத்தில் திராவிடர் கழகம். 1949-ல் மணியம்மையோடு திருமணம், அதே ஆண்டு அண்ணாவின் பிரிவு. 1957-ல் சாதியைக் காக்கும் பிரிவுகள் இருப்பதாகச் சொல்லி அரசியல் சட்டத்தை எரிக்கும் போராட்டம், மறுபடியும் சிறை. அப்போது அவருக்கு வயது 78.

செல்போனும் சோதனைக்குழாயும்

ஸ்மார்ட்போன்ல இதைப் படிக்கிற உங்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும். ‘இனிவரும் உலகம்’ என்ற சிறு நூலில் பெரியார் எதிர்காலத்தைப் பற்றிச் சில ஊகங்களைச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு கம்பியில்லாத் தொடர்புக் கருவி வைத்திருப்பார்கள், உருவத்தைப் பார்த்தபடியே பேசுவார்கள், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும் என்று போகிறது அது. நம்ம வீடியோ கால் ஞாபகம் வருதா?

இதில் மூன்றாவது ஊகம், அவர் இறந்து ஐந்தே ஆண்டுகளில் உண்மையானது. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்ற முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அந்தத் தாயின் கருமுட்டையை டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ எப்படி எடுத்தார் தெரியுமா? வயிற்றைக் கிழிக்கவில்லை. சின்னத் துளை போட்டு, உள்ளே ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்து எடுத்தார். லேப்ராஸ்கோப்பி. இன்னைக்கு நாம சாவித்துளை ஆபரேஷன்னு சொல்றோமே, அதேதான்.

1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இதே வழியில் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவுக்கு அது புதுசு. 90-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கும் இந்த முறை வந்தது. பெரியாரின் உடம்புக்குத் தேவைப்பட்ட துறை, அவர் போய் இருபது வருஷத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

குழாயும் வாளியும் மேடைக்கு வந்தன

கடைசி ஆண்டுகளில் பெரியாருக்குச் சிறுநீர் தானாகப் பிரியவில்லை. குழாய் பொருத்தி, அதன் முனையை ஒரு பாத்திரத்தில் விட்டிருந்தார்கள். அவர் வீட்டோடு முடங்கவில்லை. அந்தக் குழாயோடும் பாத்திரத்தோடும் ஊர் ஊராகப் போனார். இரண்டு பக்கமும் ஆள் தாங்கி மேடையில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தபடியே மணிக்கணக்கில் பேசுவார். மணியம்மை ஒரு தாதிபோலக் கூடவே இருந்தார்.

யோசிச்சுப் பாருங்க. அடிவயித்துல சின்னதா ஒரு வீக்கம் வந்தாலே நாம வீட்ல சொல்றதில்லை. அவரோ ஆயிரம் பேர் முன்னாடி சிறுநீர்க் குழாயை மறைக்காம உட்கார்ந்திருந்தார்.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். பல ஆண்டுகள் அரசியலில் எதிரெதிராக நின்ற நண்பர். இறுதி நிகழ்ச்சிக்குச் சக்கர நாற்காலியில் வந்த பெரியார் குழந்தை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆண்டு.

அந்த ஆண்டும் ஓய்வெடுக்கவில்லை. எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம், 1972-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நடைமுறையில் முடங்கிப்போயிருந்தது. அந்த ஏக்கத்தோடு அலைந்தார். 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னை பெரியார் திடலில் மாநாடு. 19-ம் தேதி தியாகராய நகரில் கூட்டம். பேச்சின் நடுவே ஹெர்னியா வலி வந்தது. பேச்சு நின்றது. முனகினார். கொஞ்சம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

மறுநாள் வலி அதிகமானது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். 21-ம் தேதி வேலூர் சி.எம்.சி-க்கு மாற்றினார்கள். 24-ம் தேதி காலையில் அந்த 94 வயது மூச்சு நின்றது. உடல் சென்னைக்கு வந்து, ராஜாஜி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அரசு மரியாதையோடு பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டது.

ஒண்ணு தெளிவா சொல்லிடணும். 94 வயது உடம்பில் பல உபாதைகள் இருந்தன. ஹெர்னியாதான் அவரைக் கொன்றது என்று ஒற்றை வரியில் முடிக்கக் கூடாது. ஆனா, கடைசி மேடையில அவர் பேச்சை நிறுத்தினது அந்த வலிதான்.

வேலூருக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு ராத்திரித் தொடர்பு

அவர் கடைசி மூச்சை விட்ட வேலூர் சி.எம்.சி-யின் வேர் எங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க? உங்க திண்டிவனத்துல.

1890-களில் ஒரு இரவு. அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணமே அவருக்குக் கிடையாது. அந்த இரவில் அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரான அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

அந்த ராத்திரி திண்டிவனத்தில் டாக்டர் இல்லாமல் யாரும் சாகவில்லை. டாக்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். உடம்பைக் காட்டக் கூடாது என்ற கட்டுதான் குறுக்கே நின்றது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பிரசவத்துக்கு அந்தக் கட்டு உடைஞ்சிடுச்சு. ஆனா, தொடை இடுக்கு வீக்கத்துக்கு? ஆம்பளைங்க இன்னும் வேட்டியை இறுக்கிக் கட்டி மறைச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

சரி, இந்த ஹெர்னியான்னா என்ன?

சைக்கிள் டயர்ல ஓட்டை விழுந்தா உள்ளே இருக்கிற டியூப் புடைச்சுக்கிட்டு வெளியே தெரியுமில்ல? அதே கதைதான். வயிற்றுச் சுவரின் தசையில் பலவீனமான இடம் வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்கி வரும். குடலிறக்கம்னு சொல்றது இதைத்தான். ஆண்களுக்கு விரை கீழே இறங்கிய பாதை தொடை இடுக்கில் இருப்பதால் அந்த இடம் இயல்பிலேயே பலவீனம். வாழ்நாளில் ஆண்களில் நாலில் ஒருவருக்கு இது வரக்கூடும். பெண்களுக்கு அபூர்வம். தீராத இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிப்பது, கனம் தூக்குவது எல்லாம் இதைக் கிளப்பிவிடும்.

நிற்கும்போதும் இருமும்போதும் வீக்கம் தலைகாட்டும். படுத்தால் உள்ளே போகும். மாத்திரையிலோ, பெல்ட்டிலோ, தைலத்திலோ அந்த ஓட்டை அடைபடாது.

அதுக்காக நாளைக்கே ஆபரேஷன்னு பதற வேண்டாம். தொந்தரவு இல்லாத ஹெர்னியா உள்ள 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. டாக்டர் கண்காணிப்பில் காத்திருந்தவர்களில் அவசர ஆபத்து மிக அரிதாகவே வந்தது. ஆனால், பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அவர்களில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி காரணமாக, ஆபரேஷனுக்கே வந்துவிட்டார்கள். ஆக, டாக்டர்கிட்ட காட்டிட்டுக் காத்திருக்கிறது ஒரு முடிவு. யாருக்கும் காட்டாம காத்திருக்கிறது முடிவே இல்லை. பெண்களுக்கு வரும் ஹெர்னியா சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அவங்க தள்ளிப்போடவே கூடாது.

வீக்கம் கல்லு மாதிரி இறுகி, உள்ளே போகாம, வலி ஏறி, வாந்தியும் வந்தா குடல் சிக்கியிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அது விடியும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. உடனே 108.

சாவித்துளை ஆபரேஷன்: எவ்வளவு பாதுகாப்பு?

வயிற்றில் மூணு சின்னத் துளை. ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவிகள். பிதுங்கியதை உள்ளே இழுத்துவிட்டு, தசைக்குப் பின்பக்கமாக ஒரு வலையை விரித்து வைப்பார்கள். மெஷ்னு சொல்வாங்க. அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு வரலாம். பலர் ஒண்ணு ரெண்டு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்பிடறாங்க. கனம் தூக்கறதை மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்கணும்.

பழைய வழி, அதாவது தொடை இடுக்கில் ஒரு கீறல் போட்டு வலை வைப்பது, மோசமானதா? இல்லவே இல்லை. கைதேர்ந்த சர்ஜன் செய்தால் ஹெர்னியா மறுபடி வரும் வாய்ப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாவித்துளையின் லாபம், வலி குறைவு, சீக்கிரம் நடமாட்டம், நாள்பட்ட வலிக்கான வாய்ப்பும் குறைவு. இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, முன்பு கீறல் ஆபரேஷன் செய்து திரும்ப வந்திருந்தாலோ இது ரொம்ப வசதி.

நஷ்டமும் உண்டு. பெரும்பாலும் முழு மயக்க மருந்து வேண்டும். குடல், சிறுநீர்ப்பை, ரத்தக்குழாயில் காயம் படுவது மிக அரிது என்றாலும், கீறல் முறையைவிடச் சற்று அதிகம். இந்த முறை ஒரு சர்ஜனுக்குக் கைவர ஐம்பது முதல் நூறு ஆபரேஷன்கூட ஆகலாம். எந்த முறையானாலும் சிலருக்கு இடுப்பில் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இதையெல்லாம் மறைக்காம சொல்ற டாக்டர்தான் நல்ல டாக்டர். அதனால நீங்களும் கூச்சப்படாம கேளுங்க: இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? எனக்கு எந்த முறை சரி, ஏன்? இடையில கீறல் முறைக்கு மாற வேண்டி வருமா? காப்பீட்டுல வருமா?

இன்றைக்குப் பெரியார் இருந்தால்?

பெரியாருக்கு இன்னைக்கு சாவித்துளை ஆபரேஷன் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சா, ஒரு நிமிஷம். 94 வயது, பலவீனமான உடம்பு, நிரந்தரமா சிறுநீர்க் குழாய். அப்படிப்பட்டவருக்கு முழு மயக்கம் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கீறல் முறையில் சரிசெய்வதைத்தான் முதலில் யோசிப்பார்கள். சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் வலை வைப்பதற்கே இரண்டு முறை யோசிப்பார்கள். புதிய முறை எல்லாருக்கும் பொருந்தும்னு இல்லை. அதையே இன்னும் இளமையான வயதில், உடம்பு தெம்பாக இருக்கும்போது காட்டினால், கையில் எல்லா வழியும் இருக்கும். வயது ஏற ஏற வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

மறுபடியும் அந்த பஸ்ஸுக்கு வாங்க. விழுப்புரத்தைத் தாண்டினதும் முண்டியம்பாக்கத்துல சாலையோரமா பெரிய கட்டடம் தெரியும். 2010-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரியாரின் காலத்தில் இந்தச் சாலையில் அப்படி ஒன்று கிடையாது. சென்னையிலிருந்து வேலூர் வரை அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. உங்களுக்கு அது பஸ் ஸ்டாப். திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை இருக்கு.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட கேளுங்க. இருமும்போது ஏதாச்சும் புடைக்குதாப்பான்னு. முதல்ல முறைப்பார். பேச்சை மாத்துவார். விடாதீங்க. தாத்தா சட்டுனு அமைதியாகிட்டார்னா, அவர்கிட்டதான் இருக்குன்னு அர்த்தம். திங்கட்கிழமை காலையில அவரைக் கூட்டிக்கிட்டு ஓ.பி. சீட்டு வாங்குற வரிசையில போய் நில்லுங்க.